காலி ஸ்டூலில் விழுந்த பச்சைக் கட்டம்

நான் சொல்வதில் பாதி புளுகு என்று என் மனைவியே நாலு பேர் முன்னால் சொல்வாள். ஒப்புக்கொள்கிறேன். இது அந்த மற்றப் பாதி.

நள்ளிரவு இல்லை. மழை இல்லை. நாய் ஊளையிடவில்லை. பட்டப்பகல், மதியம் ஒன்று பத்து. உண்ட மயக்கத்தில் தொழிற்சாலையே கொட்டாவி விடும் நேரம். தேதி, மணி, நிமிடம் எல்லாம் என் கையால் எழுதிய தாள்களில் இருக்கின்றன. அந்தத் தாள்களில் நான் எழுதிய ஒரு பொய்யும் இருக்கிறது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேமரா செய்யும் தொழிற்சாலை அது. புது மாடல் ஒன்று வெளிவர இருந்தது. அதன் ஆட்டோஃபோகஸ் சரியாக வேலை செய்கிறதா என்று கடைசியாகப் பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. என் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது மேனேஜரா பீரோவா என்று எனக்குத் தெரியாது. அப்படிப்பட்டவன் கையில் கூர்மை பார்க்கும் வேலை. சும்மா விடுவார்களா? ‘மங்கலு’ என்று பெயர் வைத்தார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, தரை கறுப்பு. ஒரு பக்கம் கேமராவை மாட்டும் மேடை. எதிரே சரியாக இரண்டு மீட்டரில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட அட்டை. அட்டைக்குப் பக்கத்தில் தனி ஸ்டாண்டில் சாய்வாக ஒரு அளவுகோல். அந்த இரண்டின் மேல் மட்டும் விழ ஒரு சின்ன விளக்கு. கேமரா அட்டையைப் பார்த்து ஃபோகஸ் செய்யும். எடுத்த படத்தில் அளவுகோலின் பூஜ்யம் பளிச்சென்று இருந்தால் பாஸ். பூஜ்யம் மங்கி, வேறு கோடு பளிச்சென்று இருந்தால் ஃபெயில். அவ்வளவுதான் வேலை. ஒரு குரங்குக்குக் கற்றுக்கொடுத்தால் என்னைவிட ஒழுங்காகச் செய்யும்.

ஏனென்றால் குரங்கு டிக் போடாது.

மாஸ்டர் என்று ஒரு கேமரா உண்டு. அது தப்பே செய்யாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கேமரா. தினமும் காலை எட்டு மணிக்கு அதைத்தான் முதலில் மாட்டிப் பார்க்க வேண்டும். மாஸ்டரே ஃபெயில் ஆனால் தப்பு கேமராவில் இல்லை, அறையில் இருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டுத் தாளில் ஒரு டிக். நான் என்ன செய்வேன் என்றால், வாரம் முழுவதற்குமான ஐந்து டிக்கையும் திங்கட்கிழமையே போட்டுவிடுவேன். பார்க்கக் கண் வேண்டும், டிக் போடக் கை போதும். என் கை எப்போதுமே கண்ணைவிடச் சுறுசுறுப்பு.

மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை 10.40. பேக்கிங் பகுதியிலிருந்து இரண்டு பேர் டேப் கேட்டு வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பினால் எனக்குத் தூக்கம் வராது. மேனேஜர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினேன். தொப்பையை முன்னால் தள்ளி, கையைப் பின்னால் கட்டி, ரெண்டு எட்டு முன்னே, ஒரு எட்டு பின்னே.

டங்.

என் இடுப்பு அளவுகோல் ஸ்டாண்டில் இடித்தது. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். தரையில் மஞ்சள் குறி இருக்கிறது. குனிந்து பார்த்திருக்கலாம். மாஸ்டரை மாட்டியிருக்கலாம். மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற அறையில், கண்ணளவில் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கேமராவை எடுத்தேன்.

அது ஃபெயில். அடுத்தது ஃபெயில். அதற்கடுத்தது... எல்லாம் எட்டு மில்லிமீட்டர் முன்னால் ஃபோகஸ். இரண்டு நாளில் இருநூற்றுப் பதினாறு கேமரா.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு தப்பைப் பிடித்திருக்கிறேனே என்று.

லென்ஸை முடுக்கி ஃபோகஸ் அளவை நிறுத்துவது எனக்கு முந்தைய மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவர் மில்லி அக்கா. மில்லிமீட்டர் அக்கா என்பதன் சுருக்கம். பத்தொன்பது வருடமாக அதே மேசை. கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஊசி போன்ற ஸ்க்ரூடிரைவர். அவர் மேசையிலிருந்து வந்து ஃபெயில் ஆன கேமராவை நான் அதுவரை விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். இரண்டாவது கை தேவைப்பட்டதில்லை.

காலையெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அக்காவுக்குக் கண் எரியும். அதனால் சாப்பிட்டதும் நேராக என் அறைக்கு வருவார். இருட்டு, குளிர்ச்சி, சத்தம் கிடையாது. கதவை இரண்டு முறை தட்டுவார். மேடைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு இரும்பு ஸ்டூலைப் போட்டு, கேமராவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். 1.10 முதல் 1.30 வரை. நான் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறப்பேன்.

“அக்கா, பயணிகளின் கனிவான கவனத்திற்கு...”

“வாயை மூடுடா. இருட்டு என் கண்ணுக்கு நல்லது. உன் பேச்சுதான் காதுக்குக் கெடுதல்.”

திட்டுவார். ஆனால் நான் ஒருநாள் பேசாமல் இருந்தால் கண்ணைத் திறக்காமலே கேட்பார். “என்னடா, உடம்பு சரியில்லையா?”

அந்த அக்கா ஐந்தாம் தேதி, புதன்கிழமை, 11.15க்கு என் அறைக்கு வந்தார். ஓய்வு நேரம் இல்லை. உட்காரவில்லை.

“தம்பி, உன் பக்கம் எல்லாம் சரியாத்தான இருக்கு?”

“ஏன்க்கா?”

“மாஸ்டர் போட்டுப் பாத்தியா?”

சுவரில் தாள் தொங்குகிறது. ஐந்து டிக். வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து.

“பாத்தேன்க்கா,” என்றேன்.

அக்கா தாளைப் பார்த்தார். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. அதையும் பார்த்திருப்பார். என் முகத்தைப் பார்த்தார். “சரி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை 5.50. எல்லாரும் போன பிறகு மனசு கேட்காமல் மாஸ்டரை எடுத்து மாட்டினேன்.

எட்டு மில்லிமீட்டர்.

தப்பே செய்யாத கேமரா தப்பு என்றது. குனிந்து பார்த்தேன். ஸ்டாண்டின் கால் மஞ்சள் குறியைத் தாண்டி நின்றது.

நல்லவன் என்ன செய்திருப்பான்? ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். நான் ஸ்டாண்டைக் குறிக்குள் தள்ளினேன். மாஸ்டரை மறுபடி மாட்டினேன். பூஜ்யம் பளிச். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காரணம் இருந்தது. கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்? என் வேலை ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில்தான் நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்வார்கள். அன்று ராத்திரி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “இந்தத் தடவையாவது ஆயிடும்ல?” என்றாள். “ஆயிடும்,” என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

மறுநாள் காலை அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு என் கதவைத் தாண்டித்தான் போனார். தட்டவில்லை.

ஃபெயில் ஆன இருநூற்றுப் பதினாறும் ஸ்க்ரூ என்று நாங்கள் கூப்பிடும் ஒருவனிடம் போயின. ஒரே நாளில் ‘சரிசெய்து’ அனுப்பிவிட்டான். எல்லாம் பாஸ்.

“எப்படிடா?” என்றேன்.

“வெளிய சொல்லாத. நான் ஒண்ணையும் தொடல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு,” என்று கண்ணடித்தான்.

அவனுக்குக் கைதட்டல். தப்பைக் ‘கண்டுபிடித்த’ எனக்குப் பாராட்டு. மேனேஜர் என் முதுகில் தட்டி, “கண்ணாடி போட்டாலும் கழுகுடா நீ” என்றார். நான் பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லை அங்கேயே உடைத்திருக்க வேண்டும்.

அக்கா எப்போது வருவார் என்று கேட்டேன். மேனேஜர், “பாக்கலாம், பாக்கலாம்” என்றார். லைன் லீடரம்மா, “லீவுல இருக்காங்கப்பா” என்றார். ஆபீஸ்காரர், “ஃபைல் நகர்ந்துட்டிருக்கு” என்றார். கேட்டது அக்காவைப் பற்றி. நகர்ந்தது ஃபைல்.

இரண்டு நாள் வேலை தேங்கிவிட்டதால், பத்தாம் தேதியிலிருந்து சாப்பாட்டு நேரத்திலும் சோதனை செய் என்றார்கள். நான்கு வருடத்தில் முதல் முறையாக 1.10க்கு அந்த அறையில் கேமரா ஓடியது.

திங்கட்கிழமை, பத்தாம் தேதி, 1.12. கேமராவை மாட்டினேன். பட்டனைப் பாதி அழுத்தினேன். பீப் பீப். பச்சைக் கட்டம். படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் மொத்தமும் மங்கல். அட்டையும் மங்கல், அளவுகோலும் மங்கல். தூரம் என்ற இடத்தில் 2.00 மீட்டர் என்று இருக்க வேண்டும்.

1.20 என்று இருந்தது.

ஃபோகஸ் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். புது மாடல், ஆயிரம் கோளாறு இருக்கும். அடுத்த கேமரா 1.20. அதற்கடுத்தது 1.20. லென்ஸைத் துடைத்தேன். மேடையைத் துடைத்தேன். கடைசியில் என் கண்ணாடியையும் துடைத்தேன். 1.20.

1.31க்கு 2.00.

அதற்குப் பிறகு மாலைவரை ஒரு கேமராகூடத் தவறவில்லை. மாஸ்டரையும் மாட்டினேன். இப்போதெல்லாம் தினமும் மாட்டுகிறேன். மாஸ்டர் பாஸ்.

செவ்வாய், பதினொன்றாம் தேதி. 1.10க்கு மாஸ்டரையே மாட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1.20 மீட்டர். தப்பே செய்யாத கேமரா, அட்டையை விட்டுவிட்டு வெறும் காற்றைப் பார்த்து ஃபோகஸ் செய்கிறது. டேப்பை எடுத்து அளந்தேன். மேடையிலிருந்து ஒரு மீட்டர் இருபது... டேப்பின் நுனி இரும்பு ஸ்டூலில் போய் முட்டியது.

காலி ஸ்டூல்தான்.

கோளாறு ஸ்டூல் என்று சந்தோஷப்பட்டேன். பளபளப்பான இரும்பு, அதில் ஃபோகஸ் விழுகிறது. புதன்கிழமை 1.05க்கே அதைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டேன். இனி என்ன செய்கிறாய் பார்க்கலாம்.

அன்று புது மாடலை மாட்டியிருந்தேன். அதில் ஒரு வசதி உண்டு. முன்னால் மனித முகம் இருந்தால் திரையில் அந்த முகத்தைச் சுற்றிக் கட்டம் விழும். ஃபோகஸ் கிடைத்ததும் கட்டம் பச்சையாகும்.

1.10. இருட்டு. திரையில் அட்டை மட்டும்.

1.11. திரையில் ஒரு கட்டம் விழுந்தது.

அட்டையின் மேல் இல்லை. அட்டைக்கும் மேலே... ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில்.

கட்டம் பச்சையானது. பீப் பீப். 1.20.

கட்டத்துக்குள் ஒன்றுமில்லை. பின்னால் கறுப்புச் சுவர். நான் தலையைத் தூக்கி நேராகவும் பார்த்தேன். ஒன்றுமில்லை. கட்டம் மட்டும் லேசாக அசைந்தது. நின்று நின்று கால் மாற்றுகிற மாதிரி.

பயந்தேன். ஆனால் பயத்தோடு இன்னொன்றும் வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். கால் வலிக்குமே என்று தோன்றியது.

எழுந்து போய் ஸ்டூலைக் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டேன். திரும்பி நடந்தேன்.

1.16. முதுகுக்குப் பின்னால்... கிரீச்.

அந்த ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் அது போடும் சத்தம்.

திரையைப் பார்த்தேன். கட்டம் கீழே இறங்கியிருந்தது. உட்கார்ந்த ஆளின் உயரத்துக்கு.

கை தன்பாட்டுக்குப் படம் எடுத்துவிட்டது. படத்தில் ஸ்டூல் கூர்மையாக விழுந்திருந்தது. காலி ஸ்டூல். படத்துக்குக் கீழே கேமரா ஒரு வரி எழுதிக் காட்டியது. அதுவும் புது மாடலின் வசதிதான். குடும்பப் படம் எடுக்கும்போது யாராவது கண் சிமிட்டிவிட்டால் சொல்லும்.

‘ஒருவர் கண் மூடியிருக்கிறார். மறுபடி எடுக்கவா?’

வியாழன் பதினான்கு படம் எடுத்தேன். பதினான்கிலும் அதே வரி. வெள்ளி இருபது படம். அதே வரி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்? ‘மங்கலு, அடுத்தது என்ன, கேமராவுக்குப் பேய் ஓட்டப் போறியா?’ என்பார்கள். நான் சொல்லும் ஜோக்குகளிலேயே இது சுமார் என்பார்கள்.

சனியும் ஞாயிறும் வீட்டில் குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடியது. எனக்குச் சிரிக்க வரவில்லை. அக்கா வீடு எங்கே என்று கேட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

திங்கட்கிழமை, பதினேழாம் தேதி, 1.14. கிரீச். கட்டம். பச்சை.

“அக்கா?” என்றேன்.

ஏ.சி. மட்டும் உறுமியது.

“பயணிகளின் கனிவான...” என்று தொடங்கினேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

விழவில்லை.

‘ஒருவர் கண் மூடியிருக்கிறார்.’

1.30க்குக் கட்டம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை. பதினெட்டாம் தேதி.

1.10க்கு அறை விளக்கை அணைத்தேன். 1.11க்குக் கட்டம் விழுந்தது. ஒரு படம். கண் மூடியிருக்கிறார். இன்னொரு படம். கண் மூடியிருக்கிறார். சுவரில் இருந்த தாளைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டேன். போன இரண்டு வாரத் தாள்கள். டிக், டிக், டிக்...

1.23. வாயைத் திறந்தேன். அப்போது ஜோக் எதுவும் இல்லை என்னிடம்.

“அக்கா... மாஸ்டரை நான் போடவே இல்ல. ஸ்டாண்டை இடிச்சது நான்தான். உங்க கேமரா எதுலயும் தப்பு இல்ல.”

கட்டம் அசையவில்லை.

பட்டனை அழுத்தினேன். க்ளிக்.

1.24.

திரையில் படம். காலி ஸ்டூல். பச்சைக் கட்டம்.

கீழே வரி இல்லை.

மறுபடி அழுத்தினேன். க்ளிக். வரி இல்லை.

கண் திறந்துவிட்டது.

கிரீச்...

கட்டம் மேலே ஏறியது.

எழுந்துவிட்டார்.

கட்டம் பெரிதானது. 1.10 என்றது தூரம். இன்னும் பெரிதானது. 0.90.

லென்ஸ் ர்ர்ர்... என்று சுழன்றது.

0.70.

0.50.

கட்டம் திரையை நிறைத்தது.

0.35.

ர்ர்ர்... ர்ர்ர்... இதற்குமேல் கிட்டே இருப்பதை இந்த லென்ஸால் பார்க்க முடியாது.

என் கன்னத்தில் மூச்சு... இல்லை. மூச்சு இல்லை. மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளிர்.

பீப் பீப்.

2.00.

அட்டை பளிச்சென்று இருந்தது. அறையில் யாருமில்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். வீட்டுக்குப் போகும்வரை எங்கும் நிற்கவில்லை. இரண்டு நாள் காய்ச்சல். மனைவி நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, “என்ன உளறினே தெரியுமா, ராத்திரி பூரா எட்டு எட்டுன்னு சொல்லிட்டிருந்தே” என்றாள். அவளிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டாண்டு, டிக், அக்கா, கட்டம் எல்லாம். அவள் பேயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அந்த அக்காவோட வேலை போயிடுச்சா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “நமக்கு வேற வேலை கிடைக்கும். போய் சொல்லிட்டு வா,” என்றாள்.

வெள்ளிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, காலை 9.05. மேனேஜர் மேசையில் தாள்களை வைத்துச் சொன்னேன். நடந்து காட்டியதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப இதைச் சொல்லி யாருக்கு என்னப்பா ஆகப்போகுது?”

“அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம்ல சார்?”

“பாக்கலாம். நீ போய் டீ சாப்பிடு.”

ஆபீஸ்காரரிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு, “அவங்க ஃபைலை மூடியாச்சு” என்றார். யார் மூடினார், ஏன் மூடினார்? “மேல கேளுங்க.” மேலே கேட்டால் டீ சாப்பிடச் சொல்கிறார்கள். லைன் லீடரம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேலையைப் பாருப்பா” என்று திரும்பிக்கொண்டார். எதற்கு அழுகிறார் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. தொழிற்சாலை வண்டியின் டிரைவரிடம்தான் அக்கா வீட்டு அடையாளம் கிடைத்தது. அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்து, “நீங்களே போய்ப் பாருங்க” என்று முடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, இருபத்துமூன்றாம் தேதி, காலை 11.00. மூன்றாவது மாடி. படியேறும்போதே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் காலில் விழுந்துவிடுவது, அப்புறம் பேசுவது என்று முடிவு. அக்கா திட்டுவார். அந்தத் திட்டு வேண்டியிருந்தது எனக்கு.

கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். லாரி ஓட்டுபவர். அக்கா வீட்டுக்காரரை அண்ணா என்றால் முறை தப்பும். மாமா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

“சார், அக்கா இருக்காங்களா? நான் ஃபேக்டரில... ஃபோகஸ் ரூம்...”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

“மங்கலுவா?”

“ஆமா சார்.”

“உள்ள வா.”

சின்ன ஹால். வாசலைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி. அவர் அதில் உட்காரவில்லை, என்னையும் அதில் உட்காரச் சொல்லவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்தோம்.

“அவ போயிட்டாப்பா,” என்றார். “செவ்வாய்க்கிழமை.”

எந்தச் செவ்வாய் என்று கேட்டேன். பதினெட்டாம் தேதி என்றார்.

“மத்தியானம் சாப்பிட்டுட்டு இந்த நாற்காலில கண்ணை மூடி உக்காந்திருந்தா. வேலைக்குப் போகாத நாள்லயும் அந்தப் பழக்கத்தை விடல, ஒண்ணு பத்து ஆனா உக்காந்துடுவா. நான் எதிர்ல பேப்பர் பாத்துட்டிருந்தேன். திடீர்னு கண்ணைத் திறந்தா. யாரோ கூப்பிட்ட மாதிரி. எழுந்தா. வாசல் பக்கமா ரெண்டு எட்டு வச்சா. அவ்வளவுதான், அப்படியே சாஞ்சுட்டா. டாக்டருக்குச் சொல்லணும்னு கடிகாரத்தைப் பாத்தேன். ஒண்ணு இருபத்துநாலு.”

பத்தாம் தேதியிலிருந்து ஏழு வேலைநாள் நான் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏழு நாளும் அக்கா உயிரோடு, இதே நாற்காலியில், இதே ஹாலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். செத்தவர்தானே பேயாக வருவார்? அப்படியானால் என் அறையில் வந்து உட்கார்ந்தது யார்? பதினெட்டாம் தேதிக்குப் பிறகு அந்த அறையில் கட்டம் விழுந்ததே இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரிந்தவர்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடித்தது, டிக் போட்டது, பாத்தேன்க்கா என்றது. சொல்லி முடித்ததும், மூன்று வாரமாக யாரிடமும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டேன்.

“நான்தான்னு... அக்காவுக்குத் தெரியுமா சார்?”

சுற்றி வளைப்பதெல்லாம் அவர் ரோட்டில்தான் செய்வார் போலிருக்கிறது. என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“தெரியும். அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வந்ததுமே சொன்னா. இருநூறு கேமராவும் ஒரே எட்டு மில்லிமீட்டர்ல தப்பினா தப்பு என் கையில இல்லைங்க, அந்தப் பையன் ரூம்லன்னா. போய்ச் சொல்லுடின்னு நானும் சண்டை போட்டேன். கேக்கல. ‘நான் சொன்னா அவன் வேலை போயிடும். அவனே சொன்னா ஒருவேளை போகாது. மனசு கேக்காது அவனுக்கு, வந்துடுவான்’னா. தினமும் வாசலைப் பாத்துதான் நாற்காலியைப் போடுவா. கண்ணை மூடுறதுக்கு முன்னாடி மறக்காம என்கிட்ட ஒண்ணு சொல்லுவா.”

அவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்.

“‘அந்தப் பையன் வந்தா, என்னை எழுப்பிடுங்க.’”